சுண்டுவிரலைக் கேட்டு வாங்கு

வசந்தா,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் பதில் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். அவருக்கு இருமல், எனக்கு முழங்கால். மேற்கே மலையில் மேகம் கட்டுகிறது, ராஜபாளையத்துக்குள் இறங்கத்தான் மனசில்லை. மத்தியானச் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம், எழுத்து பெரிது பெரிதாகத்தான் இருக்கும். நாலு வரி எழுதினால் கையை உதறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் இந்தத் தடவை நீளமாகவே எழுதப்போகிறேன். நீளத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, முடிக்கும்போது சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளையும் கூட உட்கார்ந்து வாசிக்கட்டும்.

"யாருக்கு எழுதுத?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டார் உன் அப்பா.

"வசந்தாவுக்கு."

"போன்ல சொன்னா ஆகாதா?"

"போன்ல சொன்னா 'சரிம்மா'ன்னு சொல்லி வச்சிருவா. அவ சரி சொல்ல முடியாத மாதிரி ஒண்ணு எழுதணும்."

உன்னைப் பெற்றவர்தானே, அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணினார். அந்த அம்மா வாசலில் நின்று, "வதினா, சீக்கிரம் ரா! கோயம்புத்தூர் போன்!" என்று தெலுங்கும் தமிழுமாகக் கூப்பிட்டதில் தெருவே எட்டிப் பார்த்தது. காலை இழுத்துக்கொண்டு போய் எடுத்தேன். மாப்பிள்ளை சந்தோஷமாகப் பேசினார். அவருக்குத் தெரிந்த கடையில், கம்பெனிகள் கழித்துப் போட்ட லேப்டாப் இரண்டு வந்திருக்கிறதாம். புதிதாக வாங்க நம்மால் முடியாது, பழையது என்றாலும் ஓடுகிற பொருள், அடுத்த வாரத்துச் சனிக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒன்றை எடுத்து வந்துவிடலாம் என்றார். மெமரி இவ்வளவு, திரை இவ்வளவு என்று என்னிடமே விளக்கினார். பாவம், என்னை ஒரு ஆளாக மதித்துச் சொல்லுகிறாரே என்று உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "வசந்தா என்ன சொல்லுதா மாப்ள?" என்று கேட்டேன்.

"அவளா? எதுனாலும் சரின்னுட்டா அத்தை."

அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு என்னைப் பேனா எடுக்க வைத்தது. இப்படிச் சொல்ல நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்தில் படித்தாய். சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

அதற்கு முன்னால் இன்னொன்று. காலாண்டு லீவுக்கு உன் மகளைக் கொண்டுவந்து விட்டுப் போனாயே, அவள் எங்களோடு இருந்த நாளில் ஒரு சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், "அம்மாச்சி, நீங்க கரண்டிய அஞ்சு விரலாலயும் பிடிக்கீங்க. அம்மா நாலு விரலாலதான் பிடிப்பா. சின்ன விரல் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். காலையில அத இன்னொரு கையால பிடிச்சு மடக்கி விடுவா" என்றாள். எனக்குத் தோசை கருகியதுகூடத் தெரியவில்லை. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லாத கண் அவளுக்கு. நீ வந்ததும் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, வேலை கூடிப் போச்சு" என்றாய். மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று. அந்தக் கனத்த டைப்ரைட்டரை விட வேண்டும், விட முடியாதென்றால் டைப் அடிக்கிற வேலையையே விட வேண்டும், இப்படியே போனால் விரல் மடங்காமல் நின்றுவிடும் என்றாராம். அதற்காகத்தான் இந்த லேப்டாப் பேச்சே வந்திருக்கிறது. இதிலும் தப்பானதைத் தூக்கிக்கொண்டு வந்தால் விரலும் போகும், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நீயாகச் சேர்த்து வைத்த வேலையும் போகும். கோயம்புத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டைத் தேடி வருகிறார்களே, அது யாரும் உனக்கு எழுதி வைத்த சொத்தில்லை.

எண்பத்து நாலோ ஐந்தோ இருக்கும். ப்ளஸ் டூ முடித்துவிட்டு நீ தமிழ் டைப் வகுப்புக்குப் போனாய். அந்த டைப் நிலையத்தில் ஜன்னலோரம் ஒரு மிஷின் இருந்தது. அது உனக்குப் பிடித்துப்போனது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய்? மற்ற நாளெல்லாம் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறவள், வகுப்பு நாளில் நின்றபடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடுவாய். முந்திப் போனால்தான் அந்த மிஷின் கிடைக்கும். "அப்படி என்னட்டி இருக்கு அதுல?" என்று கேட்டேன். "தொட்டா போதும்மா, எழுத்து தன்னால விழுது" என்றாய். ஒரு பொருளைப் பற்றி நீ அவ்வளவு பேசி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பரீட்சை தேறியதும் வீட்டிலேயே ஒரு மிஷின் இருந்தால் கோர்ட்டு வேலை எடுத்து அடிக்கலாம் என்று பேச்சு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மகன் ஊருக்குப் போகிறார், அவரிடம் தமிழ் மிஷின் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று டைப் மாஸ்டர் சொன்னார். உன் அப்பா மில்லில் வேலை பார்த்தாலும் தேவதானத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. மாடு பிடிக்கத் தெரியும், வேறு எதை வாங்கவும் தெரியாது. சட்டை எடுக்கப் போனாலும் தையலை மாட்டுப் பல்லைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். பஸ்ஸில் போகும்போதே உனக்கும் எனக்கும் சேர்த்து உத்தரவு போட்டார்.

"இந்தா பாரு தாயி, மாட்டுச் சந்தையில ஆசப்பட்டவன் மொகத்தக் காட்டக் கூடாது. காட்டினா விக்கிறவன் பிடியத் தளத்தவே மாட்டான். நீ பாட்டுக்குச் செவுத்தப் பாத்துக்கிட்டு நில்லு. மிஷினத் தொட்டுராத. மாஸ்டர் அடிச்சுப் பாப்பாரு."

"சரிப்பா" என்றாய்.

வக்கீல் வீட்டுக் கூடத்தில் மேசைமேல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். துணியை எடுத்ததும் உன் அப்பா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தூக்கிக் கனம் பார்த்தார், கவிழ்த்து அடியைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வாலைத் திருகிப் பார்க்க வழியில்லை, அவ்வளவுதான். மாஸ்டர் உட்கார்ந்து ஒரு வரி அடித்தார். என்ன வேகம்! மணி டிங்கென்று அடித்தது, எங்கள் எல்லாருக்கும் வாய் பிளந்துவிட்டது. அந்த மனுஷன் விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி இருக்கும், அவருக்கு எந்த மிஷின்தான் அடிபடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. வக்கீல் நல்ல மனுஷர். "அடிக்கப் போறது பொண்ணுதானே? அது உக்காந்து நாலு வரி அடிச்சுப் பாக்கட்டுமே" என்றார். நீ ஒரு அடி முன்னால் வந்தாய். பக்கத்தில் நின்ற நான் உன் முழங்கையை லேசாகக் கிள்ளினேன். உன் அப்பா, "அவளுக்கு என்ன சார் தெரியும், எதுனாலும் சரிம்பா" என்றார். நீ சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. உன் அப்பா தோள்துண்டை எடுத்து வக்கீல் கையின்மேல் போட்டு, துண்டுக்கு அடியில் அவர் விரலைப் பிடித்தார். சந்தையில் அப்படித்தான், விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், விரலைப் பிடித்துச் சொல்வார்கள்.

"என்னய்யா பண்ணுதீரு? கூச்சமா இருக்கு."

"சும்மா இருங்க சார். நாலு பேரு காதுல வெல விழக் கூடாது."

"இங்க நாலு பேரு எங்கய்யா இருக்காவ?"

உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த வக்கீல் வீட்டம்மா அப்படியே நின்றுவிட்டார். "என்னங்க இது, கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க! இதுல யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை?" என்று கேட்டதும் மாஸ்டர் முதற்கொண்டு எல்லாரும் சிரித்துவிட்டோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைக் காட்டக் கூடாது என்று சொல்லியிருந்தோமே, சிரிப்பையும் அதிலே சேர்த்துக்கொண்டாய் போல. விலை படிந்தது. திரும்பும்போது பால்கோவா வாங்கினோம். பஸ்ஸில் உன் அப்பா மிஷினை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கலையா?" என்று கேட்டான்.

வீட்டில் குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து நீ உட்கார்ந்தாய். பழைய மனு ஒன்றை நான் வாசிக்க வாசிக்க நீ அடித்தாய். தமிழ் மிஷினில் புள்ளி வலதுகைச் சுண்டுவிரலில் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. புள்ளியைத் தட்டினால் உருளை நகராது, அதே இடத்தில் அடுத்த எழுத்து வந்து புள்ளிக்குக் கீழே உட்காரும். தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி உண்டா? இருக்கிற விரலிலேயே நோஞ்சான் விரலுக்கு, இருக்கிற வேலையிலேயே ஓயாத வேலை. மற்ற ஒன்பது விரலுக்கும் சத்தம் ஓட்டில் மழை விழுவதுபோலச் சீராக வந்தது. புள்ளி வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மௌனம், அப்புறம் தொம்மென்று ஒரு இடி. சுண்டுவிரலுக்கு அந்தக் கீ இறங்கவில்லை. நீ மணிக்கட்டைத் திருப்பி, கையோடு சேர்த்துக் குத்தினாய். தாளை எடுத்துப் பார்த்தால் பாதிப் புள்ளி விழவேயில்லை.

மெக்கானிக் வந்து எண்ணெய் விட்டார், ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். முன்னால் அடித்த குமாஸ்தாவுக்குக் கனத்த கை, உள்ளே கம்பி கோணிவிட்டது, அதற்கு மாற்றுக் கம்பி கிடைக்காது என்று சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். உன் அப்பா, "கயிறு கை மாறின பொறவு மாட்டக் கொற சொல்லுததா? நம்ம வழக்கத்துலயே கெடையாது. அடிக்க அடிக்க எளகிரும்" என்றார். நீயும், "சரிம்மா, பழகிரும்" என்றாய். மிஷின் இளகவில்லை. நீதான் பழகினாய்.

அந்த மிஷினை நான் குறை சொல்ல மாட்டேன். அது வந்த பிறகுதான் நம் வீட்டுக்குக் கோர்ட்டுக் கட்டு வந்தது, பத்திரம் வந்தது, ஆலங்குளம் பக்கமிருந்துகூட மனு எழுதிக்கொண்டு ஆள் வந்தது. நான் வாசிப்பேன், நீ அடிப்பாய். வக்கீல் குமாஸ்தாக்கள் எழுத்து எறும்புக்கு மை தொட்டு விட்ட மாதிரி இருக்கும். முதலில் திணறினேன், பிறகு எந்தக் கை எந்த வளைவைப் போடும் என்பது பிடிபட்டுவிட்டது. 'வழக்குரை', 'எதிருரை', 'பாத்தியதை' எல்லாம் அப்படி வந்து நாக்கில் ஒட்டியவைதான். அடித்து முடித்ததும், விழாத புள்ளிகளுக்குப் பேனாவால் புள்ளி வைப்பது என் வேலை. மகாராஜபுரத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி மாட்டை மேய்க்க அனுப்பினார்கள் என்னை. நான் வைத்த புள்ளி கோர்ட்டு வரைக்கும் போயிற்று என்ற கர்வம் இன்றைக்கும் எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கர்வத்தில், ஏன் இத்தனை புள்ளி விழாமல் போகிறது என்று கேட்க வேண்டிய வாய் பேசாமலே இருந்துவிட்டது.

கல்யாணத்தின்போது அந்த மிஷினையும் எடுத்துக்கொண்டு போனாய். "சீர் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு அத்தை" என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளைதான் தூக்கினார். அங்கே வாசித்துச் சொல்ல ஆளில்லை, தாளைப் பக்கத்தில் வைத்துக் கழுத்தைக் கோணிக்கொண்டு நீயே பார்த்து நீயே அடிக்கிறாய். நான் வைத்த புள்ளிகளையும் சேர்த்து உன் விரல் சுமந்திருக்கிறது.

இப்போது லேப்டாப்புக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு மாப்பிள்ளை ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்தார் அல்லவா? "இது என்ன மாப்ள, பள்ளிக்கூடத்துச் சிலேட்டு மாதிரி இருக்கு" என்றார் உன் அப்பா. பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே தமிழ் வருகிறது என்று சொல்லி மாப்பிள்ளை உன்னை அடித்துக் காட்டச் சொன்னார். நீ அடித்தாய். எனக்குச் சத்தமே கேட்கவில்லை. இத்தனை வருஷம் உன் விரலை நான் காதால்தான் அறிந்தேன், அது உதவாமல் போனதும் உன் தோளைப் பார்த்தேன். புள்ளி வரும்போதெல்லாம் வலது தோள் ஒரு நூல் ஏறி இறங்கியது. எழுந்து வந்து அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தேன். மற்ற கீகளெல்லாம் அகலமாக இருக்க, வலது ஓரத்துக் கீகளை மட்டும் இடம் போதாமல் ஒடுக்கி வைத்திருந்தார்கள். உன் விரல் அதைத் தேடிப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. "எப்படியிருக்கு?" என்று மாப்பிள்ளை கேட்டார். "நல்லாருக்கு" என்றாய்.

ஆகவே லேப்டாப் என்றாலே லேசு என்று நினைத்துவிடாதே. மெமரியையும் திரையையும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், அது அவருக்குத் தெரிந்த மாடு. கீபோர்டு உன்னுடையது. கடையில் நின்றபடி ஒற்றை விரலால் தட்டிப் பார்க்காதே, நாற்காலி போடச் சொல்லி, வீட்டில் உட்காருகிற உயரத்தில் உட்கார். முன் விளிம்பு மணிக்கட்டில் அறுக்கிறதா பார். கீயை நடுவில் அமுக்கினால் எதுவும் இறங்கும். ஓரத்தில், மூலையில் அமுக்கிப் பார், அங்கேயும் ஒழுங்காக இறங்கி விரலோடு கூடவே மேலே வர வேண்டும். பழைய சாமான் என்பதால் யாராவது காப்பி கொட்டியிருப்பார்கள், கீ இறங்கினால் ஏற மாட்டேன் என்று ஒட்டும். அழுத்தும்போது பலகையே அரிசி புடைத்துப் பழசான சுளகு மாதிரி நடுவில் தொய்ந்தால் அதுவும் ஆகாது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை வைக்கும் இடம் சுடுகிறதா என்றும் தொட்டுப் பார்.

மாப்பிள்ளை போனில் ஒன்று சொன்னார். அந்த இரண்டிலும் மற்ற கீகளெல்லாம் தேய்ந்து பளபளக்கிறதாம், நம் புள்ளி வருகிற கீ மட்டும் புத்தம் புதுசாக இருக்கிறதாம், இங்கிலீஷ் அடிக்கிறவர்களுக்கு அதில் வேலையே கிடையாதாம். "உங்க மகளுக்குன்னே தொடாம வச்சிருக்காங்க அத்தை" என்றார். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி பூட்டாத மாடு பார்க்க மினுமினுவென்றுதான் இருக்கும், பூட்டினால்தான் குணம் தெரியும். தொடாத கீயும் அப்படித்தான்.

என் கண்ணாடிக் கதை உனக்குத் தெரியாது. நீ கல்யாணமாகிப் போன பிறகு நடந்தது. ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தெருவில் கண்ணாடி விற்றார்கள். உன் அப்பா ஒன்றை எடுத்து என் மூக்கில் மாட்டி, "தேர் தெரியுதா?" என்றார். தேர் தெரியாமலா போகும், அதற்கெதற்குக் கண்ணாடி? "தெரியுது" என்றேன். வீட்டுக்கு வந்து தாளைப் பிடித்தால் எழுத்தெல்லாம் நீந்துகிறது. தலைவலியோடு மாசக்கணக்காக அதையே மாட்டிக்கொண்டு இருந்தேன். அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்ததாயிற்றே. அப்புறம் ஒருநாள் எனக்கே அலுத்துப்போய், பெட்டியில் கிடந்த பழைய மனு ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டு, தனியாக ராஜபாளையம் கடைத்தெருவுக்குப் போனேன். கண்ணாடிக் கடையில் ஒவ்வொன்றாக மாட்டி அந்த மனுவை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

கடைக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "ஆச்சி, வாங்க வந்தீங்களா, வாசிக்க வந்தீங்களா?"

"வாசிக்கத்தானப்பா வாங்குதேன். செத்த நேரம் சும்மா இரு."

"அதுக்காக மனு முச்சூடுமா?"

"மொதப் பக்கம் எந்தக் கண்ணாடியிலயும் தெரியும். ரெண்டாம் பக்கத்துலதான் கண்ணு நெசத்தச் சொல்லும்."

அவன் சிரித்துவிட்டு எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பழைய கண்ணாடி என்னாயிற்று என்று உன் அப்பா இன்றுவரை கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் குடும்பம் கவிழ்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கவிழவில்லை. உன் வீட்டிலும் கவிழாது. மாப்பிள்ளை உனக்காக அலைகிறார், அந்த மனுஷனிடம் போய் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்காதே. எதுனாலும் சரி என்று நீ சொன்னால், அவர் நல்லதைத்தான் எடுத்தோம் என்று நம்பிக்கொண்டிருப்பார், உன் விரல் உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கும். அது அவருக்கும் நியாயமில்லை.

எழுதி எழுதி எனக்கும் கை ஓய்ந்துவிட்டது. "இன்னுமா முடியல? அப்படி என்னட்டி எழுதுத?" என்று உன் அப்பா கேட்டார். வாசித்துக் காட்டினேன். துண்டு போட்ட இடத்தில் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. வெந்நீர் கொடுத்தேன். மெக்கானிக் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். "வாசி" என்றார். எல்லாம் முடிந்த பிறகு அவராகவே, "இந்தத் தடவ துண்டு வேண்டாம்னு எழுது" என்றார். மிச்ச வெந்நீரைக் குடித்துவிட்டு, "மொகத்த மூடாம, தொட்டுப் பாத்து வாங்கச் சொல்லு. புடிக்கலைன்னா கயிறு கை மாறின பொறவும் திருப்பிக் குடுக்கலாம்னு எழுது" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எழுதிவிட்டேன்.

இனி இந்தக் கடிதத்தின் நீளத்துக்குக் காரணம் சொல்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போகும்போது இதை எடுத்துக்கொண்டு போ. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும், நான் பார்த்த வேலையை ஒருநாள் அவர் பார்க்கட்டும். ‘நலமா’ என்று தொடங்குகிற வரியிலிருந்து நிறுத்தாமல் அடி. கடைக்காரன் ஏதாவது சொன்னால், எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள் என்று சொல். முதல் பக்கம் எந்த மிஷினும் லேசாகத்தான் இருக்கும், போகப் போகத்தான் சுண்டுவிரல் நிசத்தைச் சொல்லும். எதிரில் உன் மகளை உட்கார வை, உன் முகத்தையும் தோளையும் அவள் பார்த்துக்கொள்வாள். முதல் லேப்டாப் ஆகவில்லை என்றால் கையை ஆறவிட்டு இன்னொன்றில் அடித்துப் பார். இரண்டும் ஆகவில்லை என்றால் வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள், வேறு கடைகளும் இருக்கின்றன. கிடைக்கிற வரைக்கும் அந்தப் பழைய மிஷினைத் தொடாதே, வேலை கொண்டுவருகிறவர்களைக் காத்திருக்கச் சொல். ராஜபாளையத்தில் உன் அம்மா கேட்டதாகச் சொல்.

கடைசி வார்த்தைக்கு வருகிறபோது உன் விரல் நன்றாகக் களைத்திருக்கும். களைக்கட்டும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். அந்த வார்த்தையில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது. அது நோகாமல் விழுந்தால் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரி, வாங்கிவிடுவார். நொந்தால், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வா.

அம்மா